பானையிடம் சொன்ன சேதி

தல்மீரோவுக்கும் அவன் மாமனாருக்கும் பேச்சு கிடையாது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் உடனே "என்ன சண்டை?" என்று கேட்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமாகி மாமனார் வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவன் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் அவனிடம் பேசியதில்லை. பேமோன் பழங்குடி வீடுகளில் மருமகன் மாமனாருக்குக் காட்டுகிற மரியாதை அது. இப்போது பல வீடுகளில் அதை விட்டுவிட்டார்கள். மாமனாரும் மருமகனும் தோளில் கை போட்டுக்கொண்டு பீர் குடிக்கிற காலம் வந்துவிட்டது. அவன் மாமனார் ஃபுல்ஹென்சியோவின் வீட்டில் மட்டும் விடவில்லை. அவர் விடுகிற ஆசாமியும் இல்லை, இவன் மீறுகிற பிள்ளையும் இல்லை.

அதற்காக ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு சேதி சொல்லாமல் முடியுமா? நாய் எதற்கு இருக்கிறது, பானை எதற்கு இருக்கிறது? "இந்தக் கூரை அடுத்த மழைக்குத் தாங்காது போலிருக்கே" என்று கிழவர் நாயைப் பார்த்துச் சொல்வார். நாய் கொட்டாவி விடும். மறுநாள் காலையில் மருமகன் ஓலையோடு கூரைமேல் நிற்பான். "ஓலை பத்தல, கொடி இன்னும் கொஞ்சம் வேணும்" என்று அவன் மேலிருந்து பானைக்குச் சொல்வான். கிழவர் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார். கட்டிய பெண்டாட்டியோடு கூட அவனுக்கு இவ்வளவு சுருக்கமாகக் காரியம் நடந்ததில்லை.

ஆனால் இப்போது அவன் சொல்ல வேண்டியது ஓலை விஷயம் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரேசிலில், போவா விஸ்தா நகரத்தில் அவன் அண்ணன் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறான். தம்பிக்கும் அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தான். இங்கே அவர்களுடைய பராய்தேபுய் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் போய்விட்டார். மலையேற வருகிறவர்களும் எப்போதோ ஒரு கூட்டம் என்று ஆகிவிட்டது. மகள் ஃப்ளோரிண்டாவுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நெய்தாவிடம், அதாவது பெண்டாட்டியிடம், பேசிப் பார்த்தான். அவள் மரவள்ளியைத் துருவிக்கொண்டே, தலை நிமிராமல் தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பாகிட்ட நீயே கேளு. அவர் சரின்னா நானும் பிள்ளையும் கெளம்பறோம். வேண்டாம்னா அந்தப் பேச்சை இந்த வீட்ல மறுபடி எடுக்கக் கூடாது."

"நான் எப்படி நேரா கேக்கறது?"

"அது உன் பாடு."

வீட்டில் கேட்க வழியில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே கிழவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்தச் சமயத்தில்தான் பிரேசிலிலிருந்து அக்காளும் தம்பியுமாக இரண்டு பேர் ரொரைமா மலை ஏற வந்தார்கள். தல்மீரோதான் வழிகாட்டி. கிழவர் சுமை தூக்க வருவார். அவருடைய தங்கை எவுசேபியா சமையலுக்கு. மலையுச்சியில், நான்கு பக்கமும் செங்குத்தாக அறுத்துவிட்ட பலகை மாதிரியான அந்தப் பாறைமேல், கிழவர் எங்கே போய்விடப் போகிறார்? அங்கே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். மலையிலிருந்து இறங்கிய மறுநாள் காலையில் எல்லைக்கு ஒரு லாரி போகிறது. அந்த லாரியில் ஏறுவதா இல்லையா என்பது கிழவர் வாயில்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று சுமை பிரிப்பதில் ஒரு சங்கடம். மலைக்கு மேலே யாரும் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது. மலத்தைக்கூடச் சுண்ணாம்பு தூவிப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். அந்தப் பையைத் தூக்க யாருக்குத்தான் ஆசை? யார் எதைத் தூக்குவது என்று சொல்ல வேண்டியவன் வழிகாட்டி. மாமனாரைப் பார்த்து "நீங்க அதைத் தூக்குங்க" என்று எந்த மருமகன் சொல்வான்? தானே தூக்கலாம் என்றால், கூட வருகிறவர்களுக்குக் கை கொடுக்க இரண்டு கையும் வேண்டும். தல்மீரோ தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போதே, கிழவர் அந்தப் பை வைக்கும் டப்பாவை எடுத்துத் தன் முதுகுக் கூடையில் முதல் ஆளாகக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, பிரேசில்காரங்க பொக்கிஷத்துக்கு உன்னைத்தான் காவல் போட்டிருக்கு" என்றாள் எவுசேபியா.

"உன் சமையல் நல்லா இருந்தாத்தான் பொக்கிஷம் நெறையும். பாரம் இருக்காதுன்னு தைரியமாத்தான் எடுத்தேன்" என்றார் கிழவர்.

எல்லோரும் சிரித்தார்கள். தல்மீரோ மட்டும் சிரிக்க முடியாமல் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். தன்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றத்தான் அவர் முந்திக்கொண்டார் என்று அவனுக்குத் தெரியும். இந்த மனிதரிடம் போய் உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

புல்வெளியில் நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. டெக் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டதும் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகள் வந்து பிரேசில்காரர்களின் காலில் விருந்து சாப்பிட்டன. தம்பிக்காரன் ரெனாட்டோ வாய் ஓயாத பிள்ளை. பூச்சியைத் திட்டினான், வெயிலைத் திட்டினான், பிறகு ஆற்றில் விழுந்து பாட்டுப் பாடினான். அக்காள் தாதியானா எல்லாவற்றையும் கவனிக்கிறவள். அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தவள் தல்மீரோவைக் கேட்டாள்.

"அந்தப் பெரியவரும் நீங்களும் சண்டையா? காலைலேர்ந்து பார்க்கறேன், ஒரு வார்த்தை பேசிக்கலையே."

"சண்டையா? சண்டைன்னா இந்நேரம் பேசித் தீர்த்திருப்போமே" என்றான் தல்மீரோ.

அவளுக்கு விளங்கவில்லை. எவுசேபியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தாதியானா எழுந்து போனதும், மாமனாரின் தங்கை ஆனபடியால் தனக்குச் சித்தி முறையான எவுசேபியாவிடம் அவன் மெதுவாக ஆரம்பித்தான். அவள் எறும்பு போட்டு இடித்த காரக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, உங்க அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"உப்பா, வெறகா?"

"போவா விஸ்தா."

கரண்டி நின்றது. அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"உப்புன்னா சொல்றேன். வெறகுன்னா சொல்றேன். தண்ணி ஏறுது, மழை வருது, அந்தப் பையனுக்கு வயித்தால போவுது, எதை வேணா சொல்றேன். இதைச் சொல்ல மாட்டேன். பொண்ணைக் கூட்டிட்டுப் போறவன் நீ, அந்தச் சுமையைத் தூக்கறவ நானா?"

"கேக்காமலே போயிருக்கலாம்போல."

"மத்த ரெண்டு மாப்பிள்ளையும் அப்படித்தானே போனானுங்க. நீயும் போயேன், யார் புடிச்சிக்கிட்டா?" என்றாள் எவுசேபியா. அவள் கண் கலங்கியதற்கு மிளகாய்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

மறுநாள் குக்கெனான் ஆறு குறுக்கிட்டது. பாசிப் பாறை வழுக்கும் என்பதால் எல்லோரும் காலுறையோடுதான் அதைக் கடப்பார்கள். கிழவர் முதலில் இறங்கி, நடு ஆற்றில் நின்று, முதுகில் இருந்த கூடையோடு பேசினார். "ஏ கூடை, போன தடவை கடந்த எடம் இப்ப ஆழமாயிருச்சு. கொஞ்சம் மேலாக்க போனா முழங்காலோட போச்சு." பின்னால் நின்ற தல்மீரோ ஒன்றும் காதில் விழாதவன்போலப் பிரேசில்காரர்களின் கையைப் பிடித்துக் கொஞ்சம் மேலாகவே நடத்திக்கொண்டு போனான். ஏழு வருடமாக இருவரும் இப்படித்தான் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அன்றைக்குத் தண்ணீருக்குள் நிற்கும்போது அது அவனுக்கு உறைத்தது, உறைத்தது பிடிக்கவும் இல்லை. கோபமான ஆளாக இருந்தால் விட்டுப் போவது எவ்வளவு சுலபம்! கிழவர் கோபப்படட்டும், வேண்டாம் என்று கத்தட்டும், பதிலுக்குத் தானும் பானையிடம் நாலு வார்த்தை கத்திவிடலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் வசனம் சேர்த்துக்கொண்டே போனான். பிள்ளையின் படிப்பு, கூரை ஒழுகுவது, காலியான ஊர் என்று எல்லாம் அந்த வசனத்தில் இருந்தது.

மலையின் அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போகும் சரிவு ஒன்றுதான். காட்டுக்குள் நுழைந்து, சுவரைத் தொட்டு, மேலிருந்து கொட்டும் அருவிக்கு அடியிலேயே நனைந்துகொண்டு ஏற வேண்டும். ஏறி முடித்தால் வேறு உலகம். கருகிப்போன அடை மாதிரி பாறை, அதில் பள்ளம் பள்ளமாகத் தண்ணீர், குதிக்கத் தெரியாத கறுப்புத் தவளை. தங்குவதற்குப் பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களை எல்லோரும் ஓட்டல் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவனுக்கு நல்ல குசும்பு.

மேலே ஏறியதும் தல்மீரோ சொன்னான்: "இங்க யாரும் கத்தக் கூடாது. கத்தினா மேகம் வரும்."

ரெனாட்டோ உடனே இரண்டு கையையும் வாயில் குவித்துத் தன் பெயரைத் தானே கத்தினான். மலை அதைத் திருப்பிச் சொன்னது. அவனுக்கு ரொம்ப சந்தோஷம்.

"கூப்பிட்டாச்சு. விருந்தாளி வருவான்" என்றாள் எவுசேபியா.

கத்தாவிட்டாலும் மதியத்துக்குமேல் அங்கே மேகம் வரத்தான் செய்யும். கத்தினால், பழி போட ஓர் ஆள் கிடைப்பான், அவ்வளவுதான். ஆனால் இதை அந்த ஊரில் யாரிடமும் சொல்லிவிட முடியாது. அவர்கள் கணக்கில், மலைக்குள் குடியிருக்கிற மவாரி என்ற ஆவிகள் சத்தம் கேட்டால் எழுந்து மேகத்தோடு வெளியே வரும். தெரிந்த குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொன்னால் போச்சு. உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பெண் கொடுத்து வைத்துக்கொள்ளும். போனவன் திரும்பினதாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்தது. பிரேசில்காரர்கள் இருவரும் பாறைக்கடியில் படுத்துக் கண்ணயர்ந்தார்கள். எவுசேபியா வேண்டுமென்றே எதையோ தேடுகிறவள்போல அந்தப் பக்கம் போனாள். கிழவர் மரவள்ளி அடையின் கடைசித் துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். இதைவிட நேரம் வாய்க்காது. தல்மீரோ குழம்புப் பானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மணல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான்.

"ஏ பானை" என்றான். "போவா விஸ்தால எங்க அண்ணன் ஒரு வேலை பார்த்து வச்சிருக்கான். பிள்ளைக்கு அங்க பள்ளிக்கூடம் இருக்கு. நெய்தா சொல்றா, அப்பா சரின்னா வரேன்னு. பெரியவங்க என்ன சொல்றாங்களோ அதுதான். எறங்கின மறுநாளே லாரி போவுது."

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசனம் இவ்வளவுதான் வெளியே வந்தது. நிமிர்ந்து பார்க்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தான். பானையில் கரி போய்ப் பளபளத்தது. கேன் ஒன்று பாறையில் உரசும் சத்தம் கேட்டது. கிழவர் எழுந்து, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு, குளம் இருக்கிற பக்கமாக நடந்து போய்விட்டார். மலைமேலும் போவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கியது. எட்ட இருந்த பாறை காணாமல் போனது, பக்கத்தில் இருந்த பாறையும் போனது, கடைசியில் தன் கையே மங்கலாகத் தெரிந்தது. தண்ணீர் எடுக்கப் போனவர் வரவில்லை. எவுசேபியா திரும்பி வந்து, "அண்ணன் எங்க?" என்றாள்.

"தண்ணிக்குப் போனார்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

அவள் மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவனைக் கலக்கியது. அந்தக் குளத்துக்கு அப்பால் கொஞ்ச தூரத்திலேயே ஜன்னல் என்று சொல்கிற இடம். மலை அங்கே சட்டென்று முடிந்துவிடும். கீழே எட்டிப் பார்த்தால் காடு பாசிபோலத் தெரியும். மனம் சரியாக இருக்கிற நாளில் கிழவர் அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டுகூட நடப்பார். மனம் கெட்ட நாளில் நடப்பாரா? "நீங்க இவங்ககூட இருங்க சித்தி" என்று சொல்லிவிட்டுத் தல்மீரோ கைக்குத் தட்டுப்பட்ட பாறையெல்லாம் தடவிக்கொண்டு போனான்.

குளத்தங்கரையில் யாரும் இல்லை. கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? மாமா என்று அவன் வாய் ஒருநாளும் அவரை அழைத்ததில்லை. மேகத்தைப் பார்த்து, பானையே என்று கூப்பிட்டால் பானையா வரும்? பயம் முறையை எல்லாம் விழுங்கிவிட்டது. இரண்டு கையையும் வாயில் குவித்து, ரெனாட்டோ கத்தின மாதிரியே கத்தினான்.

"ஃபுல்ஹென்சியோ!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. எங்கேயோ கேன் ஒன்று கல்லில் இடித்தது. ஆள் இருக்கிறார்! அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சத்தம் வந்த பக்கம் ஓடி மறுபடியும் கத்தினான். கேன் மறுபடி இடித்தது, இந்த முறை இன்னும் தள்ளி. மூன்றாவது தடவை கத்தியபோது சரளைக்கல் சரியும் சத்தம் கேட்டது. கிழவர் வேகமாக நடக்கிறார். வருகிற நடை இல்லை, போகிற நடை. ஜன்னல் பக்கம்.

அப்போதுதான் தான் செய்த காரியம் அவனுக்குப் புரிந்தது. மேகத்துக்குள்ளிருந்து மருமகனின் குரல் மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. எந்த மருமகன் அப்படிக் கூப்பிடுவான்? மவாரிதான் கூப்பிடும். அவனையே அப்படி யாராவது கூப்பிட்டிருந்தால் அவனும் இப்படித்தான் ஓடியிருப்பான். தேடி வந்தவனே துரத்திக்கொண்டிருந்தான். கத்தக் கத்த அவர் விளிம்புக்குப் போவார்.

இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு கல் இருந்தது. கத்தாமல், வீட்டில் பேசுகிற குரலில், ஆனால் கொஞ்சம் உரக்க, அந்தக் கல்லோடு பேச ஆரம்பித்தான்.

"ஏ கல்லு. அடுப்புல வைக்கத் தண்ணி இல்ல. சித்தி மொறைச்சுக்கிட்டு நிக்கிறா. அந்தப் பையன் முழிச்சதும் காப்பி கேப்பான். இந்தப் பக்கம் எல்லாம் ஒரே வழுக்கல். கேனோட யாராவது நடந்துக்கிட்டு இருந்தா, மேகம் கலையற வரைக்கும் இருக்கிற எடத்துலயே உக்காந்தா நல்லது."

கேன் சத்தம் நின்றது.

எதிரே முகம் தெரியாததாலோ என்னவோ, பானையிடம் வராத பேச்சு கல்லிடம் வந்தது. "ஏ கல்லு, எனக்கு அந்த ஊர் மேல ஒண்ணும் ஆசை இல்ல. ரொட்டிக்கடை அடுப்பு முன்னால நிக்கறதுக்கு யாராவது மலையை விட்டுட்டுப் போவாங்களா? பிள்ளை ஒண்ணும் தெரியாம வளருது. அதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. இந்த வீட்டுக்கு நான் வந்தப்ப எனக்குக் கூரை முடையத் தெரியாது, ஆத்துல எறங்கத் தெரியாது. எல்லாம் இங்கதான் கத்துக்கிட்டேன். இதுவரைக்கும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. வேண்டாம்னா வேண்டாம். ஆனா கேக்காம போக மாட்டேன்."

மேகம் அசையவே இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, அவன் நினைத்ததைவிடப் பக்கத்திலிருந்து, கிழவரின் குரல் வந்தது.

"ஏ கேனு."

தல்மீரோ கண்ணை மூடிக்கொண்டான்.

"மவாரின்னு நெனச்சு கெழவன் பயந்து ஓடினான்னு இவன் என் தங்கச்சிகிட்ட சொல்லுவான். சொல்லட்டும், அதுவே இருக்கட்டும். மவாரிக்கு இப்படியா மூச்சு வாங்கும்? அவன் கொரல்தான்னு மொதத் தடவையே தெரிஞ்சுபோச்சு."

கேன் கல்லில் உரசியது. கிழவர் உட்காருகிறார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா, மொறை அறுந்துபோச்சுன்னு அர்த்தம். இப்பவே அறுத்துட்டானா, லாரி வர்ற வரைக்கும்கூடப் பொறுக்க முடியலியான்னு நெனச்சேன். அறுத்துட்டுப் போறவனுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்? அதான் நடந்தேன். எங்க நடக்கறேன்னு பாக்கல."

தல்மீரோவுக்கு "இல்ல மாமா" என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினான். மருமகனாக இருப்பதற்கு அந்த நேரத்தில் அவனால் செய்ய முடிந்தது, பேசாமல் இருப்பது ஒன்றுதான்.

"கேளு கேனு" என்றார் கிழவர். "மூத்தவ புருசன் தங்கம் தோண்டப் போனான். கேக்கல. நடுவுலவ புருசன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு, விடியறதுக்குள்ள எல்லை தாண்டிட்டான். கேக்கல. நானும் அவனுங்களைத் திட்டிக்கிட்டே இருக்கேன். அது ஒரு வகையில சௌகரியம். வேலை செய்யும்போது திட்ட ஆள் இருந்தா கை வலிக்காது. இவன் என்னடான்னா கேட்டுட்டான். கேட்டவன்கிட்ட வேண்டாம்னு சொல்ற வாய் எனக்கு இல்ல. இப்ப நான் யாரைத் திட்டறது?"

கேனில் தண்ணீர் சளசளத்தது.

"போகட்டும்" என்றார். "பொண்ணையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும். போய் நல்லா இருக்கட்டும்."

வேண்டாம் என்றால் சொல்வதற்கு ஒரு மலை ஏற ஏறச் சேர்த்த பதில் தல்மீரோவிடம் இருந்தது. சரி என்றதற்கு ஒன்றும் இல்லை. முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். மாமனார் முகத்தை மருமகன் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று வைத்தவர்கள் இப்படி ஒரு நேரத்தை யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ. மேகம் மெல்லிசாகி, கிழவர் ஜன்னல் விளிம்புக்குக் கொஞ்சம் இப்பால் உட்கார்ந்திருப்பது தெரிந்தபோது, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தல்மீரோ எழுந்து போய்க் கேனை எடுத்தான். அதில் பாதித் தண்ணீர் சிந்திப் போயிருந்தது. குளத்தில் நிரப்பிக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் கிழவரின் காலடி வந்தது.

எவுசேபியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, மவாரி பொண்ணு குடுக்கலியா?" என்றாள் அண்ணனிடம்.

"குடுக்கத்தான் பாத்துச்சு. என் தங்கச்சி சமையலைச் சாப்பிட்டவனை வச்சுக்கிட்டா வயித்துவலிக்கு வைத்தியம் பாக்கணும்னு அனுப்பிருச்சு" என்றார் கிழவர். ரெனாட்டோ, தான் கத்தினதால்தான் மேகம் வந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஆமா" என்றாள் எவுசேபியா. அதற்குப்பிறகு ஊர் வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டு வந்தான்.

இறங்கும்போது கிழவர் எப்போதும் போலக் கூடையோடு பேசினார், ஆற்றோடு பேசினார். வழுக்கும் இடத்தைச் சொன்னார், மழை வரும் பக்கத்தைச் சொன்னார். போவா விஸ்தாவைப் பற்றி மட்டும் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. டெக் ஆற்றைத் தாண்டியதும் கூடையை இறக்கிவைத்து, தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதாகத் தங்கையிடம் சொல்லி, குறுக்கு வழியில் போய்விட்டார். அந்தச் சுமையையும் தல்மீரோவே தூக்கிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் நெய்தா மரவள்ளியைத் துருவிக்கொண்டிருந்தாள். ஃப்ளோரிண்டா நாயின் காதில் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தது. தல்மீரோ இரண்டு சுமையையும் இறக்கினான். முதுகு விறைத்துப் போயிருந்தது.

"கேட்டியா?" என்றாள் நெய்தா.

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"போகட்டும்னார். நல்லா இருக்கட்டும்னார்."

துருவுகிற கை நின்றது. அவன் அவள் சிரிப்பாள் என்றோ, எழுந்து வருவாள் என்றோ எதிர்பார்த்தான். அவள் கையிலிருந்த கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவா? சரின்னாரா?"

"சரின்னார்."

"அவர் வேண்டாம்னு சொல்லுவார்னு நம்பித்தானே" என்றாள் நெய்தா, "உன்னைக் கேக்கச் சொன்னேன்."

துருவிய மாவுக் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் அவளுக்கு. உள்ளே போய், பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.